புதிய இசையைச் சுமந்த நால்வர்கள்

நமது நாட்டில் ஒரு கீர்த்தனம் குருவின் வாயிலிருந்து சீடனின் செவிக்கு வருகிறது. அங்கிருந்து சபைக்கு வருகிறது. அதைப் பாடுகிறவர் ஒருவர் உள்ளவரையில் அது உயிரோடு இருக்கிறது. மேலைநாட்டுச் சாஸ்திரீய இசையின் நிலை சற்று வேறானது. அங்கே இசையை இயற்றுபவர் ஒருவர். அதை வாசிப்பவர் பெரும்பாலும் வேறொருவர். இயற்றியவர் தம் உள்ளத்தில் கேட்டதை ஸ்வரக் குறிப்புகளாகத் தாளில் எழுதி வைக்கிறார். வாசிப்பவர் கிடைக்கும் வரையில் அது வெறும் தாளே.

அந்த இசையில் 'சேம்பர் மியூசிக்' என்று ஒரு பிரிவு உண்டு. பெரிய வாத்தியக் கோஷ்டி வேண்டாத, ஒரு கூடத்தில் சிலர் அமர்ந்து சிலருக்காக வாசிக்கும் இசை அது. நாம் அதை அறையிசை என்று அழைப்போம். அதன் தலையாய வடிவம், இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ ஆகிய நான்கு வாத்தியங்களுக்காக எழுதப்படும் நால்வர் இசை. வயலினை விடச் சற்றுப் பெரியதும் தாழ்ந்த சுருதி உடையதும் வியோலா; முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வாசிக்கப்படுவது செல்லோ. நால்வரும் சமமானவர்கள். வழி நடத்துவதற்கு ஐந்தாமவர் எவரும் இல்லை.

பழைய மேதைகளின் நால்வர் இசையை வாசித்துப் புகழ் பெற்றோர் பலர். தம் காலத்தில் எழுதப்பட்ட புதிய இசையை வாசிப்பதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டவர்கள் சிலரே. அதற்குக் காரணம் எளிது. பழைய படைப்பை ஒருமுறை பயின்ற குழு அதையே நூறு ஊர்களில் வாசித்துச் சன்மானம் பெறலாம். புதிய படைப்பையோ வாரக்கணக்கில் பயின்று, ஓரிரு முறை வாசித்தபின் மூடி வைக்க நேரிடலாம். மண்டபம் சிறியது; கூட்டம் அதனினும் சிறியது; கிடைப்பதை நான்கு பங்காக்க வேண்டும். நுழைவுச் சீட்டின் வருமானத்தை மட்டும் நம்பிப் புதிய அறையிசைக்கு வாழ்வைக் கொடுத்தவர் எவரும் இல்லை என்றே கூறலாம். அப்படியானால் அவர்களுக்குச் சோறிட்ட கை எது? இரண்டு நூற்றாண்டுகளில் அந்தக் கை பலமுறை மாறியிருக்கிறது. அது விலகிய போதெல்லாம் நால்வர் பிரிந்தனர். சில சமயங்களில் இசையும் ஊமையாயிற்று. அந்த வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

பிரபுவின் மாளிகை

இத்தொழிலின் முன்னோடி என்று சொல்லத்தக்கவர் வியன்னா நகரத்து வயலின் வித்துவான் இக்னாஸ் ஷுப்பன்சிக் (1776-1830). இளமையில் லிக்னோவ்ஸ்கி என்ற பிரபுவின் இல்லத்தில் நால்வர் குழுவுக்குத் தலைமை வகித்தார். 1804-05ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், அதுவரை மாளிகைகளுக்குள் மட்டுமே ஒலித்து வந்த நால்வர் இசையைச் சந்தா செலுத்திய பொதுமக்கள் முன் வாசிக்கத் துணிந்தார். 1808இல் வியன்னாவில் இருந்த ருஷ்யத் தூதர் ரஸுமோவ்ஸ்கி, தமக்கென ஒரு நால்வர் குழுவை அமைத்து ஷுப்பன்சிக்கைத் தலைவராக அமர்த்தினார். பீத்தோவன் அத்தூதருக்கு உரிமையாக்கிய மூன்று படைப்புகளும் ரஸுமோவ்ஸ்கி நால்வர் இசை என்றே இன்றும் வழங்குகின்றன.

1814ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் இரவு அந்தத் தூதரின் மாளிகை தீக்கிரையாயிற்று. செல்வம் குன்றியது, 1816இல் குழு கலைந்தது. ஷுப்பன்சிக் பிழைப்பைத் தேடி ருஷ்யா சென்று, 1823இல்தான் வியன்னா திரும்பினார். ஒரு மாளிகை எரிந்ததால் ஒரு நகரத்தின் புதிய இசைக்கே வாய் அடைபட்டது போலாயிற்று. அவர் திரும்பி வந்த மறு ஆண்டிலேயே, 1824 மார்ச்சில், ஷூபர்ட்டின் ஏ மைனர் நால்வர் இசையை அரங்கேற்றினார். ஷூபர்ட் அதை அவருக்கே உரிமையாக்கினார்.

1825 மார்ச் 6ஆம் நாள் நடந்தது இத்தொழிலின் இடரை நன்கு காட்டும். பீத்தோவன் எழுதிய ஈ பிளாட் நால்வர் இசை, போதிய பயிற்சிக்கு நாள் இல்லாமல் ஷுப்பன்சிக் குழுவால் வாசிக்கப்பட்டுத் தோல்வியுற்றது. பின்னர் ஜோசப் போம் என்ற மற்றொரு வித்துவான் அதையே பயின்று வாசித்தபோது வரவேற்புக் கிடைத்தது. அப்பயிற்சியின்போது, செவிப்புலன் இழந்திருந்த பீத்தோவன் வில்களின் அசைவைக் கண்ணால் பார்த்தே பிழைகளைத் திருத்தினார் என்று போம் எழுதி வைத்திருக்கிறார். மொழிபெயர்ப்பில் ஒரு சொல் தவறினால், மூலநூலே தவறுடையது என்று படிப்பவர் எண்ணிவிடுவதுண்டு. புதிய இசையிலும் அப்படியே. வாசிப்புத் தவறினால் இசையே தவறு என்று கேட்பவர் முடிவு கட்டுகிறார். அறிமுகமான பழைய இசைக்கு அந்த ஆபத்து இல்லை.

உத்தியோகமும் ஊழியமும்

பிரபுக்களின் காலம் தேய்ந்தபின் வந்தவர் ஆர்னால்ட் ரோஸே (1863-1946). இவருக்குச் சோறிட்டது உத்தியோகம். 1881 முதல் 1938 வரை, ஐம்பத்தேழு ஆண்டுகள், வியன்னாவின் அரசவை இசை நாடக அரங்கில் வயலின் வரிசைக்குத் தலைவராக இருந்தார். அந்த உத்தியோகத்தின் நிழலில் 1882இல் தொடங்கிய நால்வர் குழு அவர் பெயராலேயே விளங்கியது. பகலில் அலுவலகத்துக் கடமை, மாலையில் சபையின் பணி என்று வாழும் நம்மவர் பலருக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது.

உத்தியோகம் உறுதியாக இருந்ததனால் ரோஸே துணிவு காட்ட முடிந்தது. ஆர்னால்ட் ஷோன்பர்க் என்ற இளம் இசையாசிரியரின் படைப்புகளை அவர் அரங்கேற்றினார். 1907 பிப்ரவரியில் முதல் நால்வர் இசை வாசிக்கப்பட்டபோது சபையில் சீழ்க்கை எழுந்தது. ரோஸேயின் மைத்துனரும் புகழ் பெற்ற இசையாசிரியருமான குஸ்தாவ் மாலர் எழுந்து நின்று கலகம் செய்தவர்களைக் கண்டித்தார். 1908 டிசம்பர் 21ஆம் நாள் இரண்டாவது நால்வர் இசையின்போது நகைப்பும் கூச்சலும் இன்னும் பலமாக இருந்தன. நால்வரும் எழுந்து செல்லவில்லை. கடைசி ஸ்வரம் வரையில் வாசித்து முடித்தனர்.

1938இல் ஹிட்லரின் ஆட்சி ஆஸ்திரியாவை விழுங்கியது. யூதர் என்ற காரணத்தால் ரோஸே உத்தியோகத்தை இழந்து, முதிய வயதில் லண்டனில் தஞ்சம் புகுந்தார். வயலின் வித்துவானாகிய அவருடைய மகள் அல்மா, ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் 1944இல் இறந்தாள். ஐம்பத்தேழு ஆண்டு உத்தியோகமும் அரசியல் புயலுக்கு முன் நிற்கவில்லை.

கைதட்டல் இல்லாத சபை

இத்தகைய கூச்சல்களைக் கண்டு சலித்த ஷோன்பர்க், 1918 நவம்பரில் வியன்னாவில் ஒரு விசித்திரமான சங்கத்தை நிறுவினார். அங்கத்தினர் மட்டுமே உள்ளே வரலாம். பத்திரிகை விமர்சகருக்கு இடமில்லை. என்ன வாசிக்கப்படும் என்பது முன்கூட்டி அறிவிக்கப்படாது. கைதட்டலும் கூடாது, சீழ்க்கையும் கூடாது. ஒரே படைப்பு மீண்டும் மீண்டும் வாசிக்கப்படும். நன்றாகப் பயின்ற பின்னரே எதுவும் மேடையேறும். 1921 வரை நடந்த அச்சங்கம் நூற்றுக்கு மேற்பட்ட கச்சேரிகளை நடத்தியது. போருக்குப் பின் வந்த பணவீக்கத்தில் அது மறைந்தது. ஆயினும் தன் பயிற்சி முறையை ஒருவரிடம் விட்டுச் சென்றது.

அவர் ருடால்ஃப் கோலிஷ் (1896-1978). குழந்தைப் பருவத்தில் இடக்கை நடுவிரல் ஊனமுற்றதால், வயலினை வலக்கையில் பிடித்து இடக்கையால் வில்லை இழுக்கக் கற்றுக்கொண்டவர். ஷோன்பர்க்கின் மாணவர், பின்னர் அவருடைய மைத்துனரும் ஆனார். இருபதுகளின் தொடக்கத்தில் அவர் அமைத்த குழு கோலிஷ் நால்வர் என்று பெயர் பெற்றது. தம் பங்கை மட்டும் எழுதிய தாளை வைத்துப் பயிலாமல், நான்கு பங்கும் அடங்கிய முழுத் தாளை வைத்தே ஒவ்வொருவரும் பயின்றனர். மேடையில் தாளின்றி மனப்பாடமாக வாசிப்பது அவர்களுடைய வழக்கம். ஒருவர் மற்ற மூவரின் வழியையும் அறிந்திருந்தார். நம் வித்துவான்களுக்கு இது இயல்பாகத் தோன்றலாம்; தாளை நம்பி வாழும் மேலைநாட்டு மேடையிலோ இது அதிசயம்.

ஆல்பன் பெர்க்கின் 'லிரிக் ஸ்வீட்' 1927 ஜனவரி 8ஆம் நாள் வியன்னாவில் அவர்களால் அரங்கேறியது. ஷோன்பர்க்கின் மூன்றாம், நான்காம் நால்வர் இசைகளும், ஹங்கேரிய மேதை பேலா பார்ட்டோக்கின் ஐந்தாம், ஆறாம் நால்வர் இசைகளும் அவர்கள் கைவழியே உலகுக்கு வந்தன. சென்ற நூற்றாண்டின் நால்வர் இசையில் தலைசிறந்தவை எவை என்று கணக்கிட்டால், அவற்றில் பல ஒரே குழுவின் உழைப்பால் முதலில் ஒலித்தவை என்பது விளங்கும்.

இவற்றுள் சிலவற்றின் பின்னே அமெரிக்கச் சீமாட்டி ஒருவர் இருந்தார். எலிசபெத் ஸ்பிரேக் கூலிட்ஜ் (1864-1953) 1925இல் வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்தில் அறையிசைக்கென்று ஓர் அறக்கட்டளை நிறுவி, ஏறத்தாழ 500 பேர் அமரும் மண்டபத்தையும் கட்டுவித்தார். ஷோன்பர்க்கின் அந்த இரண்டு படைப்புகளும், 1935 ஏப்ரல் 8ஆம் நாள் வாஷிங்டனில் அரங்கேறிய பார்ட்டோக்கின் ஐந்தாவதும் அவர் பொருளுதவி செய்து எழுதுவித்தவை. பிரபுவின் மாளிகை இருந்த இடத்தில் இப்போது ஒரு பொது நூலகம் நின்றது.

கடல் கடந்த பின்

ஐரோப்பா இருண்டபோது கோலிஷ் நால்வரும் அமெரிக்காவில் தங்க நேர்ந்தது. அங்கே ரசிகர்கள் பழகிய இசையையே விரும்பினர். போதிய கச்சேரிகள் இல்லை. நால்வரும் பிரிந்தனர். வியோலா வாசித்த யூஜின் லேனர் 1939இல் பாஸ்டன் வாத்தியக் கோஷ்டியில் சேர்ந்தார். செல்லோ வாசித்த பெனர் ஹைஃபெட்ஸ் பிலடெல்பியா கோஷ்டிக்கும், இரண்டாம் வயலின் வாசித்த ஃபெலிக்ஸ் கூனர் சான் பிரான்சிஸ்கோவுக்கும் சென்றனர். பார்ட்டோக்கின் ஆறாவது நால்வர் இசையை 1941 ஜனவரியில் நியூயார்க்கில் அரங்கேற்றியதே அக்குழுப் பெயரின் கடைசிப் பெரும் பணி.

அதே காலத்தில் மற்றொரு குழுவுக்கு வேறு விதமான கதி வாய்த்தது. பெல்ஜிய நாட்டு ப்ரோ ஆர்ட்டே நால்வர், விஸ்கான்சின் மாநிலத்து மாடிசன் நகரில் பீத்தோவனின் நால்வர் இசைகளை வரிசையாக வாசித்து வந்தபோது, 1940 மே 10ஆம் நாள், அவர்கள் தாய்நாட்டுக்குள் ஜெர்மன் படைகள் புகுந்தன. திரும்பிச் செல்ல வழியில்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகம் அவர்களைத் தங்கச் சொல்லிப் பதவி அளித்தது. ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒரு நால்வர் குழுவைத் தன் ஆசிரியர்களாக வைத்துக்கொண்டது அதுவே முதல் முறை. 1944இல் அக்குழுவின் தலைமையை ஏற்றவர் ருடால்ஃப் கோலிஷ். 1967 வரை அவர் அங்கே இருந்தார். ஊர் இழந்தவர்களுக்கு ஆபத்துக் காலத்தில் கிடைத்த நிழல், பிற்காலத்தில் ஒரு நிலையான ஏற்பாடாக வளர்ந்தது. பகலில் மாணவர்க்குக் கற்பித்தல், எஞ்சிய நேரத்தில் புதிய இசையைப் பயிலல் என்ற வாழ்க்கை முறை அங்கிருந்தே பரவியது.

பிரிந்த நால்வரின் அறிவும் வீண் போகவில்லை. 1946இல் தோன்றிய ஜூலியார்ட் நால்வர், பாஸ்டனில் உத்தியோகம் பார்த்த லேனரிடம் பாடம் கேட்டனர். 1948இல் பார்ட்டோக்கின் ஆறு நால்வர் இசைகளையும் முழுமையாக மேடையேற்றினர். அதே 1946இல் தோன்றியது லாசால் நால்வர் குழு. அதன் தலைவர் வால்ட்டர் லெவின், பெர்லினில் பிறந்து இளமையில் அகதியாக வெளியேறியவர். 1953 முதல் சின்சினாட்டி நகரத்து இசைக் கல்லூரியில் ஆசிரியப் பதவி அவர்களுக்கு ஆதாரமாயிற்று. போலந்து நாட்டு லூட்டோஸ்வாவ்ஸ்கியின் நால்வர் இசை 1965இலும், ஹங்கேரியரான லிகெட்டியின் இரண்டாவது நால்வர் இசை 1969இலும் அவர்களாலேயே முதலில் ஒலித்தன.

பம்பாயில் ஒரு சிறு சபை

ஐரோப்பாவை விட்டு வெளியேறிய இசைவாணர் பலர் மேற்கே சென்றனர் என்றால், ஒருவர் கிழக்கே வந்தார். பொஹீமியாவில் கார்ல்ஸ்பாட் நகரில் பிறந்த வால்ட்டர் காஃப்மன் (1907-1984) 1934இல் பம்பாய் வந்து சேர்ந்தார். வந்த சிறிது காலத்தில் பம்பாய் அறையிசைச் சங்கத்தை நிறுவினார். அவர் பியானோ வாசிக்க, ஜுபின் மேத்தாவின் தந்தையாகிய மேலி மேத்தா வயலினும், எடிஜியோ வெர்கா செல்லோவும் வாசித்தனர். 1937 முதல் 1946 வரை பம்பாய் வானொலி நிலையத்தில் மேலைநாட்டு இசைப் பகுதியின் பொறுப்பு அவரிடம் இருந்தது. நம் வானொலியின் ஒலிபரப்புத் தொடக்கத்தில் தம்புராவின் சுருதிமேல் வயலின் இழையும் அடையாள இசையை, ஊரை விட்டு எங்கோ வாழும் நாம் எத்தனை அதிகாலைகளில் கேட்டிருக்கிறோம்! அதை அமைத்தவர் இவரே என்று கருதப்படுகிறது.

நம் இராகங்களைச் செவியேற்ற காஃப்மன், அவற்றின் சாயலை நால்வர் இசையில் புகுத்தி எழுதினார். ஆனால் வாசிப்பவர்கள் பிரிந்தனர். காஃப்மன் 1946இல் இந்தியாவை விட்டுச் சென்று, கனடாவில் வின்னிபெக் வாத்தியக் கோஷ்டியை நடத்தி, பின்னர் அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். மேலி மேத்தா மான்செஸ்டர் சென்று, அங்கிருந்து பிலடெல்பியாவில் கர்ட்டிஸ் நால்வர் குழுவில் சேர்ந்தார். காஃப்மன் எழுதிய வடநாட்டு இராகங்கள், தென்னாட்டு இராகங்கள் பற்றிய ஆராய்ச்சி நூல்களை அறிஞர் அறிவர். அவருடைய அறையிசையோ பல்லாண்டுகள் பெட்டியில் உறங்கியது. நாடு கடந்த இசையாசிரியர்களின் படைப்புகளைத் தேடி வாசிக்கும் டொராண்டோ நகரத்து ஆர்க் குழுவினர் 2020இல் அவற்றுள் சிலவற்றை ஒலிப்பதிவாக வெளியிட்டனர். அவரது சங்கத்தைச் சேர்ந்தவர்கள் ஒரே ஊரில் ஒன்றாக வாழ வழி இருந்திருந்தால் அந்த இசைக்கு இத்தனை நீண்ட உறக்கம் நேர்ந்திருக்குமா என்ற கேள்வி எழாமல் இல்லை.

நம் காலத்துக் குழுக்கள்

நம் காலத்திற்கு நெருங்கிய இரண்டு குழுக்களைப் பற்றிக் கூறி முடிப்போம். 1974இல் லண்டனில் மாணவராயிருந்த இர்வின் ஆர்டிட்டி, புதிய இசைக்கென்றே ஒரு நால்வர் குழுவை அமைத்தார். 1976இல் லண்டன் சிம்பொனி வாத்தியக் கோஷ்டியில் அவருக்கு இடம் கிடைத்தது. விரைவில் முன்வரிசைப் பதவியும் கிடைத்தது. வேறு ஒருவராயின் அங்கேயே ஓய்வு பெற்றிருப்பார். ஆர்டிட்டியோ 1980இல் அப்பதவியைத் துறந்து, நால்வர் குழுவே வாழ்வு என்று இறங்கினார். ரோஸே கைவிடாத நிழலை இவர் தாமாகவே விட்டு வெளியேறினார். ஐரோப்பாவின் வானொலி நிலையங்களும் புதிய இசை விழாக்களும் தந்த ஆதரவு அத்துணிவுக்குத் துணை நின்றது. நூற்றுக்கணக்கான படைப்புகள் அக்குழுவுக்காக எழுதப்பட்டன. 1999இல் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஃபான் சீமென்ஸ் இசைப் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது.

மற்றது கிரோனாஸ் நால்வர். 1973இல் டேவிட் ஹாரிங்டன் என்ற அமெரிக்க இளைஞர், வியட்நாம் போரின் துயரை உட்கொண்டு ஜார்ஜ் கிரம் எழுதிய 'கறுப்புத் தேவதைகள்' என்ற நால்வர் இசையை ஓர் இரவு வானொலியில் கேட்டார். அதை வாசிப்பதற்காகவே சியாட்டில் நகரில் ஒரு குழு அமைத்தார். அவர்களுக்காக முதல் படைப்பை எழுதிக் கொடுத்தவருக்குச் சன்மானம், ஒரு பை நிறைய டோநட் பலகாரம். 1978 முதல் சான் பிரான்சிஸ்கோவில் நிலைபெற்று, இலாப நோக்கமற்ற தங்கள் சொந்தச் சங்கத்தின் வாயிலாக அறநிலைய நன்கொடைகளைத் திரட்டிப் புதிய இசையை எழுதுவிக்கும் வழியைக் கண்டனர். இவ்வாறு அவர்களுக்காக எழுதப்பட்டவையும் மாற்றி அமைக்கப்பட்டவையும் ஆயிரத்துக்கு மேற்பட்டன. 2015இல் தொடங்கிய ஒரு திட்டத்தின்படி ஐம்பது புதிய படைப்புகளை எழுதுவித்து, எந்த ஊர் மாணவரும் காசின்றிப் பெறும்படி அவற்றின் இசைத்தாள்களை வெளியிட்டனர். அவற்றுள் ஒன்று மறைந்த தபலா மேதை ஜாகிர் உசேன் எழுதியது. அதன் பெயர் 'பல்லவி'. 1970களின் பிற்பகுதியில் சேர்ந்த இருவர், ஏறத்தாழ நாற்பத்தாறு ஆண்டுகள் வாசித்தபின் 2024இல் ஓய்வு பெற்றனர். புதிய இசையை மட்டும் வாசித்து ஒரு முழு வாழ்நாளும் கழிக்கலாம் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

பிரபு, உத்தியோகம், அறக்கட்டளை, பல்கலைக்கழகம், வானொலி, சொந்தச் சங்கம் என்று இந்தக் கலைஞர்களைத் தாங்கிய கைகளை வரிசையாகப் பார்த்தோம். எந்தக் கையும் நிலையானதாக இருக்கவில்லை. ஆயினும் அவை தாங்கிய சில ஆண்டுகளில் விளைந்தது நிலைத்துவிட்டது. 1826 மார்ச்சில் ஷுப்பன்சிக் குழு அரங்கேற்றிய பீத்தோவனின் பி பிளாட் நால்வர் இசைக்கு இறுதியாக ஒரு நீண்ட, கடினமான பகுதி இருந்தது. கேட்டவர்களுக்கு அது புரியவில்லை. பதிப்பாளர் வேண்டியதற்கிணங்கப் பீத்தோவன் அதை நீக்கி, எளியதொரு முடிவை எழுதிக் கொடுத்தார். விலக்கப்பட்ட அந்தப் பகுதியை அதன் பழைய இடத்திலேயே வைத்து வாசிக்கும் குழுக்கள் இன்று பல. முதல் நாள் புரியாத ஒன்றைப் பொறுப்புடன் பயின்று வாசித்த நால்வர் அன்று இருந்தனர். அதனால் அது நமக்கும் கேட்கக் கிடைத்திருக்கிறது.